தலை எங்கே இருக்கு?

"மேடம், என் கைக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குது" என்றாள் இசக்கியம்மாள்.

லில்லி புஷ்பம் மேடம் பிரசவ வார்டின் பேராசிரியர். அப்போது அவர் நின்றபடி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த யாரும் சாப்பிட்டு முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"கைக்கு என்ன தெரியணும்?"

"கர்ப்பிணி வயித்துல கை வச்சா எல்லாரும் இது தலை, இது முதுகுன்னு சொல்றாங்க. எனக்கு வயிறு மட்டும்தான் மேடம் தெரியுது."

மேடம் கடைசி வாய் இட்லியை விழுங்கினார். கை கழுவினார். இசக்கியின் வலக்கையை வாங்கி, ரேகை பார்ப்பவர் மாதிரி இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"சூடா இருக்கு. நகம் வெட்டியிருக்கு. வேற என்ன வேணும்?"

கேட்டுவிட்டு அவர் ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார். இசக்கி தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அவள் கவலை அவளுக்கு. கடைசி வருடப் பரீட்சையில் எழுதியதெல்லாம் நல்ல மார்க். மகப்பேறு செய்முறைத் தேர்வில் மட்டும் கோட்டைவிட்டாள். அதுவும் சரியான பதிலைச் சொல்லிக் கோட்டைவிட்டாள்.

அது இப்படி. பரீட்சைக்கு வைக்கிற கர்ப்பிணிகள் வார்டில் ரொம்ப நாளாக இருப்பவர்கள். டாக்டர்கள் கட்டிலருகே நின்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தங்கள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவர்களே ஒப்பிப்பார்கள். பாவம், படிக்கிற பிள்ளைகள் என்று இரக்கப்பட்டு மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். மாணவர்கள் கையை வைப்பதுபோல் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். இது தேர்வாளருக்கும் தெரியும். அவர் மட்டும் எப்படிப் பாஸானார் என்று யார் கண்டது?

இசக்கிக்கும் ஒரு புண்ணியவதி காதில் சொன்னாள்: தலை கீழே, முதுகு இடப்பக்கம்.

இசக்கி அப்படியே ஒப்பித்தாள். தேர்வாளர் தலையாட்டிவிட்டு, அந்த முதுகைக் கொஞ்சம் தொட்டுக் காட்டம்மா என்றார். இசக்கி தன்னுடைய இடது கைப் பக்கமாக வயிற்றைத் தொட்டாள். கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவளுக்கு அது வலப்பக்கம். அந்தப் புண்ணியவதியே தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட்டார்கள். இசக்கி மட்டும் தனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு மறுபடி வார்டில் நின்றாள். ஊரில் மாமா ஒருவர் ஆர்வக்கோளாறில், ரிசல்ட் வருவதற்கு முன்பே 'எங்கள் ஊரின் முதல் டாக்டர்' என்று தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார். இப்போது அதைக் கழற்றவும் முடியவில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் முடியவில்லை. அவள் அம்மா கடைக்குச் சுற்று வழியில் போய்வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பரீட்சை நெருங்கியது. அதற்கு முன்னால் லில்லி மேடம் ஒரு மாதிரித் தேர்வு வைப்பார். அதில் அவர் சரி என்றால்தான் பரீட்சை. இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம்.

இசக்கி மறுநாளும் மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாரிக்கனி கட்டிலுக்குப் போ" என்றார் மேடம். "தினமும் கை வை. அவகிட்ட எதுவும் கேக்காத. அவ சொன்னாலும் காதுல வாங்காத. என்ன தெரிஞ்சுதுன்னு என்கிட்டயும் வந்து சொல்லாத."

"உங்ககிட்ட சொல்லாட்டி, சரியா தப்பான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

மேடம் அடுத்த கட்டிலில் இருந்தவளிடம், ராத்திரி தூங்கினாயா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது இசக்கிக்கு.

மாரிக்கனி சாதாரணப்பட்டவள் இல்லை. மூன்றாவது பிரசவம். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து ஏற்றப் படுத்திருந்தாள். படுத்த இடத்திலிருந்தே ஒரு டியூஷன் சென்டர் நடத்தினாள். பரீட்சையில் அவள் கேஸாக வந்தால் பாஸ் நிச்சயம் என்று மாணவர்களிடையே பேச்சு. குருதட்சிணையாகப் பேரீச்சம்பழமும் மாதுளையும் வந்து குவியும். இரும்பு மருந்தில் பாதி, பேரீச்சம்பழத்தில் பாதி என்று அவள் ரத்தம் ஏறிக்கொண்டே போனது.

இசக்கி கையை வைத்ததுமே அவள் ஆரம்பித்துவிட்டாள். "இங்கன பாருங்க தாயி, கீழ இருக்குல்லா, அதுதான்..."

"சொல்லாதீங்கக்கா. மேடம் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"சொல்லாம எப்படிப் படிப்பிய? எனக்குச் சோறு இறங்காதே."

"வேண்டாம்க்கா."

மாரிக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அது ரத்தக்குறைவைவிடப் பெரிய வியாதியாக இருந்தது.

முதல் நாள் இசக்கிக்கு வயிறு மட்டும் தெரிந்தது. அடுத்த நாளும் வயிறுதான். பதில் சொல்ல யாரும் இல்லாததால் அவள் மெதுவாகத்தான் தொட்டாள். அவசரப்பட்டு எங்கே ஓட? அப்படி ஒருநாள் உள்ளங்கையில் டக்கென்று ஓர் உதை விழுந்தது. அவள் சிரித்துவிட்டாள். மாரிக்கனியும் சிரித்தாள். அப்போது வயிறு குலுங்க, உள்ளே இருந்தது இன்னொரு உதை விட்டது.

பிறகு தினமும் போக ஆசையாக இருந்தது. ஒரு பக்கம் பலகை மாதிரி வழவழவென்று நீண்டது. மறுபக்கம் குட்டிக் குட்டியாக ஏதோ கையை விட்டு நழுவியது. கீழே ஒரு கெட்டி உருண்டை இருந்தது. லேசாகத் தட்டினால் தண்ணீரில் மிதக்கிற தேங்காய் மாதிரி அமிழ்ந்து எழும்பியது.

அவள் வார்டின் மறுகோடிக்கு ஓடினாள். "மேடம், கீழ உருண்டையா ஒண்ணு..."

மேடம் தன் உதட்டில் விரலை வைத்தார்.

இசக்கிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஊரில் எந்த வாத்தியாராவது பதிலைச் சொல்லாதே என்பாரா? மாரிக்கனியிடம் வந்து புலம்பினாள். பேனர் கதையையும் சொன்னாள். மாரிக்கனி எல்லாம் கேட்டுவிட்டு, கவலைப்படாதீர்கள், நீங்கள் பாஸாகிற வரைக்கும் நான் பிள்ளை பெறமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். செய்யக்கூடிய சத்தியமா அது? ஆனாலும் இசக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாதிரித் தேர்வுக்கு முந்தின நாள் மேடம் மாரிக்கனியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். மாணவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. தலை கீழே இருக்கிறது, ரத்தம் ஏறிவிட்டது, நாளை மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்றார். வலி வந்ததும் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும், மூன்றாவதுதானே என்றார்.

மாரிக்கனி அதை ஒரு சொல் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டாள். நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமே.

மறுநாள் காலை கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், மாரிக்கனியின் வயிற்றைத் தொட்டார்கள், மேடத்திடம் வந்து பதில் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே பதில். தலை கீழே. மேடம் எல்லாருக்கும் "ம்" என்று மட்டும் சொன்னார்.

பெலிக்ஸ் என்று ஒருவன். வகுப்பிலேயே முதல் மாணவன். அவன் இன்னும் ஒரு படி மேலே போனான். தலை கீழே இருக்கிறது, உருண்டையாக, கெட்டியாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது, இன்னும் இடுப்புக்குள் இறங்கவில்லை என்று புத்தகத்தில் உள்ளது உள்ளபடி வர்ணித்தான். மேடம் அவனுக்கும் "ம்" என்றார்.

கடைசியாக இசக்கி போனாள்.

கையை உரசிச் சூடாக்கிக்கொண்டாள். வயிற்றின் மேல்பக்கம் வைத்தாள்.

ஏதோ சரியில்லை.

தினமும் அங்கே மெத்தென்று இருக்கும். இன்றைக்குக் கெட்டியாக ஓர் உருண்டை. தட்டினாள். அமிழ்ந்து எழும்பியது. கீழே தொட்டாள். கீழே அகலமாக, மெத்தென்று, பிடி கொடுக்காமல் என்னவோ இருந்தது.

மறுபடி மேலே வைத்தாள். மறுபடி கீழே. குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடினாள். வழக்கமாகத் தொப்புளுக்குக் கீழே கேட்கும். இன்று தொப்புளுக்கு மேலே கேட்டது.

மறுபடியும் கையை மேலே கொண்டுபோனாள்.

மாரிக்கனிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இத்தனை நாள் காத்த விரதத்தைக் கலைத்து, இசக்கியின் கையைப் பிடித்து இழுத்தாள். "தாயி, ஏன் முழிக்கிய? தல கீழதான் இருக்கு. நேத்து மேடமே வந்து பாத்துச் சொன்னாவ. இன்னைக்கு வந்த பிள்ளைக அம்புட்டும் அதத்தான் சொல்லுச்சு. நீங்களும் சொல்லிட்டுப் போங்க, பாஸாயிருவிய."

இசக்கி கையை விடுவித்துக்கொண்டாள்.

ஊரோடு ஒத்துப்போ என்றது மனது. எல்லாரும் கீழே என்கிறார்கள். மேடமே கீழே என்றிருக்கிறார். நீ மட்டும் மேலே என்றால், போன தடவை இடது வலது தெரியாதவள், இந்தத் தடவை மேல் கீழ் தெரியாதவள் என்று ஆகிவிடும். ஆறு மாதம் போகும். அம்மா இன்னும் ஆறு மாதம் சுற்று வழியில் கடைக்குப் போவாள்.

கீழே என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. மாரிக்கனி மத்தியானம் பஸ் ஏறி ஊருக்குப் போவாள். ஒருநாள் வலி வரும். தலை முன்னால் வரும் என்று அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எல்லாரும் காத்திருப்பார்கள். இடுப்பு முதலில் வந்து, தலை கடைசியில் மாட்டிக்கொண்டால்?

இசக்கி கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வைத்தாள். அந்த உருண்டை மேலேயேதான் இருந்தது.

மேடம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சொல்லு. தலை எங்கே இருக்கு?"

"மேல இருக்கு மேடம்."

திரைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து நான் பாத்தேன். கீழ இருந்துச்சு."

"ஆமா மேடம். இப்பதான் அக்கா சொன்னாங்க."

"உனக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் கீழன்னுதான் சொன்னாங்க."

"அதையும் சொன்னாங்க மேடம்."

"அப்புறம்?"

இசக்கி கையை இன்னும் எடுக்கவில்லை. "என் கைக்கு மேலதான் மேடம் தெரியுது."

மேடம் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே கை வைத்தார். மேலே. கீழே. மறுபடி மேலே. பேராசிரியர் ஒருவர் அவ்வளவு நேரம் ஒரு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு விரிந்தது.

"மாரிக்கனி, ராத்திரி என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலயே. ஒரு வாழப்பழம் தின்னுட்டுப் படுத்தேன். விடியக்காலம் வயித்துக்குள்ள உருண்டு பொரண்டு ஒரே அமர்க்களம். பழம் சேரலன்னு நெனச்சேன்."

"பழம் இல்ல. உன் பிள்ளை குட்டிக்கரணம் போட்டிருக்கு."

மாரிக்கனி எழுந்து உட்கார்ந்தே விட்டாள். தன் வயிற்றைப் பார்த்து, பெத்த தாயிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியா திரும்புவாய், இத்தனை படிக்கிற பிள்ளைகளிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று ஏசினாள். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அவர்களுக்கே விளங்கவில்லை.

மேடம் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். பெலிக்ஸைக் கட்டிலருகே வரச் சொன்னார்.

"தம்பி, உருண்டையா, கெட்டியா, கைக்கு அடக்கமா ஒண்ணு கீழ இருந்துச்சுன்னியே. அதை எடுத்துக் குடு பார்ப்போம்."

பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், நல்ல பையன். அன்றிலிருந்து அவன் எந்த வயிற்றையும் வர்ணிப்பதற்கு முன்னால் தொட்டான்.

வீட்டுக்கு அனுப்புவது நின்றது. மாதம் நிறைந்துவிட்டது, பனிக்குடத் தண்ணீரும் தாராளமாக இருக்கிறது, வெளியிலிருந்தே கையால் திருப்பிப் பார்க்கலாம், திரும்பாவிட்டால் வேறு வழி யோசிக்கலாம் என்றார் மேடம். மாரிக்கனியிடமும், போனில் அவள் கணவனிடமும் விளக்கிச் சம்மதம் கேட்டார்.

"திருப்புங்க தாயி" என்றாள் மாரிக்கனி. "முடிஞ்சா இது அப்பனையும் திருப்பி விடுங்க. அந்த மனுசன் எந்நேரமும் தலகீழாத்தான் நிக்கான்."

மாரிக்கனியை ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இசக்கி மேடத்தின் பின்னாலேயே ஓடினாள். சந்தோஷமும் பயமுமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. மேடம் இன்னும் அவளிடம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மேடம், ஒருவேளை நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?"

"உன் தப்பா இருந்திருக்கும்" என்றார் மேடம் நடந்துகொண்டே. "இதுவரைக்கும் உன்கிட்ட சொந்தமா ஒரு தப்புகூட இல்லையே."

இது பாராட்டா, திட்டா என்று யோசிப்பதற்குள் அறை வந்துவிட்டது.

கர்ப்பப்பை தளர ஓர் ஊசி போட்டார்கள். ஸ்கேன் டாக்டர் வந்து ஒருமுறை பார்த்தார். தலை மேலேதான் இருந்தது. மேடம் வயிற்றில் களிம்பைத் தடவினார். ஒரு கை கீழே குழந்தையின் புட்டத்தை மெல்லத் தூக்கியது. மறு கை மேலே தலையை முன்பக்கமாகத் தள்ளியது. அவசரமே இல்லை. கொஞ்சம் தள்ளுவார், நிறுத்துவார், குழந்தையின் துடிப்பை சிஸ்டர் கேட்டுச் சொன்னதும் மறுபடி தள்ளுவார். மாரிக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு, இசக்கியின் புடவைத் தலைப்பு கிடைக்காததால் அவள் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று வயிறு ஒரு பக்கமாகப் புடைத்தது. ஏதோ ஒன்று உள்ளே பெரிதாக உருண்டது. எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

மேடம் கையை எடுத்துவிட்டார். துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் சிஸ்டர்.

ஸ்கேன் டாக்டர் கருவியோடு முன்னால் வந்தார். மேடம் அவரைக் கையமர்த்தினார்.

"ஒரு நிமிஷம் சார். இசக்கி, வா. கை வை."

இசக்கி கை வைத்தாள். மேலே மெத்தென்று இருந்தது. கீழே போனாள். தட்டினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்தது.

"கீழ வந்துட்டு மேடம்."

ஸ்கேன் டாக்டர் கருவியை வைத்தார். திரையை மேடத்தின் பக்கம் திருப்பினார். மேடம் அங்கே இல்லை. குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க பாக்கலையே" என்றாள் இசக்கி.

"அதான் நீ பாத்துட்டியே."